கழுத்து வலிக்கு ஆபரேஷன் வேண்டுமா? இரண்டாவது கருத்து கேட்கப் போன முதுகெலும்பு கிளினிக் பற்றி

கழுத்து வலிக்கு ஆபரேஷன்தான் வழி என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார், தேதி கூடக் குறித்தாகிவிட்டது, ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ இடிக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவது டாக்டரிடம் போங்கள். முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவே வேண்டாம். நான் போன கிளினிக் எனக்கு எப்படி இருந்தது, எதில் நன்றாகச் செய்தார்கள், எதில் சொதப்பினார்கள் என்று விவரமாகவே சொல்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு நல்ல கிளினிக்கை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எனக்கு அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தும் வேலை. நாள் முழுக்கத் தலை குனிந்தே இருக்கும். கழுத்து வலி வருஷக்கணக்காக உண்டு, அது வரும் போகும், தைலம் தேய்த்தால் அடங்கும். அப்புறம் அது போகாமல் தங்கிவிட்டது. வலது தோள்பட்டையில் இருந்து கட்டைவிரல் வரைக்கும் சுளீர் என்று இழுக்க ஆரம்பித்தது, தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ரிப்போர்ட்டில் சி5-சி6, சி6-சி7 (கழுத்தின் ஐந்தாவது-ஆறாவது, ஆறாவது-ஏழாவது எலும்புகளுக்கு நடுவில்) இரண்டு இடத்திலும் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, எலும்புத் தேய்மானம், நரம்பு வெளியே வரும் துளை குறுகியிருக்கிறது என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. படித்தால் யாருக்கும் பயம் வரும்.

முதலில் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கழுத்தையோ கையையோ தொடவில்லை. "ரெண்டு லெவல் போயிருக்கு, ஜவ்வை எடுத்துட்டு பிளேட் வச்சிடலாம். விட்டா கை விளங்காமப் போயிடும்" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்ன ஆபரேஷன் தப்பான ஆபரேஷன் இல்லை, உலகம் முழுக்கச் செய்வதுதான், தேவைப்பட்டவர்களுக்கு நல்ல பலன் தருவதும்தான். எனக்குள்ள குறை ஒன்றே ஒன்று: எனக்கு எங்கே வலிக்கிறது, கை பலமாக இருக்கிறதா, நடை சரியாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி கூடக் கேட்காமல், ஒரு படத்தை மட்டும் வைத்து என் கழுத்தைப் பற்றி முடிவெடுத்தார். கை விளங்காமல் போகும் என்ற அந்த ஒரு வார்த்தை பல ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நோயாளியைப் பயமுறுத்திச் சம்மதிக்க வைப்பது என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு.

சரி, இரண்டாவது இடத்துக்கு வருகிறேன்.

உள்ளே போவதற்கு முன்பே ஒரு படிவம் தந்து நிரப்பச் சொன்னார்கள். கழுத்து வலியால் படிக்க முடிகிறதா, எடை தூக்க முடிகிறதா, தூக்கம் எப்படி, வண்டி ஓட்ட முடிகிறதா, தலைவலி வருகிறதா என்று பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்தில் இருந்து 5 வரை மார்க். மொத்தம் 50, மார்க் கூடக் கூடக் கஷ்டம் அதிகம் என்று அர்த்தம். இது 1991-ல் வெளியான கழுத்து இயலாமை அளவுகோல், உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பார்க்கச் சாதாரணப் படிவம்தான், ஆனால் "வலி எப்படி இருக்கு?" "பரவாயில்லை" என்று முடிந்துபோகிற பேச்சுக்கு இது எவ்வளவோ மேல். பின்னாடி நான் முன்னேறுகிறேனா இல்லையா என்பதை இந்த மார்க்கை வைத்துத்தான் பார்த்தார்கள்.

டாக்டர் ஒரு அம்மா. ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். "இது அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல சொல்லுங்க, உங்களுக்குக் கழுத்து அதிகமா வலிக்குதா, கை அதிகமா வலிக்குதா? மொத்த வலியை நூறுன்னு வச்சா கழுத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?" என்று கேட்டார். யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் எழுபது, கைக்கு முப்பது.

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது என்று அவர் விளக்கினார். கழுத்து எலும்புப் பிரச்சினை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று விதம். ஒன்று, கழுத்து மட்டும் வலிப்பது. தசை, மூட்டு, ஜவ்வு என்று எதில் இருந்து வேண்டுமானாலும் வரலாம், பல நேரம் இதில் இருந்துதான் என்று கை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டாவது, தண்டுவடத்தில் இருந்து கைக்குப் போகும் நரம்பு அழுந்துவது. அப்போது கை வழியாக வலி இறங்கும், விரல் மரத்துப்போகும், சில தசை பலம் குறையும். மூன்றாவது, தண்டுவடமே அழுந்துவது. இதில் வலி பெரிதாக இருக்கவே வேண்டியதில்லை, ஆனால் இதுதான் மூன்றிலும் ஆபத்தானது.

ஆபரேஷன் என்பது முக்கியமாக இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான். அழுத்தத்தை எடுத்துவிடுவதுதான் அதன் வேலை. கை வலிக்காகச் செய்துகொள்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கை வலி நன்றாகக் குறைகிறது. கழுத்து வலிக்காக மட்டும் செய்துகொண்டால் பலன் இப்படித்தான் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். "உங்களோட எழுபதுக்கு நான் கியாரண்டி தர முடியாதும்மா. முப்பதுக்கு வேணா பேசலாம்" என்றார். இப்படி நேராகச் சொன்ன டாக்டரை நான் பார்த்ததில்லை. எந்த டாக்டர் உங்களிடம் இந்தக் கணக்கைக் கேட்கவில்லையோ, அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அப்புறம் அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

அடுத்து பரிசோதனை. இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஒழுங்காகப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்களே தெரிந்துகொள்ள இது உதவும். தலையை வலது பக்கமாகச் சாய்த்து மேலே இருந்து மெதுவாக அழுத்தினார், உடனே கட்டைவிரலுக்கு இழுத்தது. நரம்புதான் அழுந்துகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். முழங்கையில், மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கையை மடக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார், நீட்டச் சொல்லித் தள்ளிப் பார்த்தார், விரல்களை விரிக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். ஊசி முனையால் ஒவ்வொரு விரலையும் தொட்டு ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் ஆறாவது நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது என்று பொதுவாக ஒரு கணக்கு இருக்கிறதாம். கழுத்தில் எலும்பு ஏழு, ஆனால் நரம்பு எட்டு ஜோடி. என்னுடையது ஆறாவது, அது சி5-சி6 நடுவில் வெளியே வருவது. அதாவது ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு இடத்தில் ஒன்றுதான் என் கை வலிக்குக் காரணமாகப் பொருந்துகிறது. சி6-சி7 பிதுக்கம் சும்மா இருக்கிறது, அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முதல் டாக்டர் இரண்டையும் எடுத்துவிடலாம் என்றாரே, அதை நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதோடு விடவில்லை. என் நடுவிரல் நகத்தைச் சட்டென்று சுண்டிவிட்டுக் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்த்தார். குதிகாலும் விரல் நுனியும் ஒட்டுகிற மாதிரி ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். அப்புறம் பத்து வினாடிக்குள் முஷ்டியை எத்தனை தடவை மூடித் திறக்க முடியும் என்று எண்ணினார். சாதாரணமாக 20 தடவைக்குக் குறையக் கூடாது. இதெல்லாம் தண்டுவடம் அழுந்துகிறதா என்று கண்டுபிடிக்க. எல்லாம் சரியாக இருந்தது. தோள்பட்டை மூட்டையும் மணிக்கட்டையும் கூடத் தனியாகப் பார்த்தார். தோள் மூட்டுப் பிரச்சினையும், மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதும் கழுத்து வலி மாதிரியே வேஷம் போடுமாம். சந்தேகம் இருந்தால் நரம்பு ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனையும் செய்வார்கள், எனக்குத் தேவைப்படவில்லை. காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் ஏதாவது, அடிபட்டதா, ராத்திரியில் படுத்தாலும் விடாத வலியா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இவையெல்லாம் இருந்தால் கதையே வேறு, உடனே பார்த்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ரிப்போர்ட்டைத் திருப்பினார்.

எம்.ஆர்.ஐ. பற்றி அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வந்த ஆய்வு அது. அதில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 20களில் இருந்தவர்களில் கூட ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு இருந்தது. ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிற மனிதர்கள்! அப்படியானால் ரிப்போர்ட்டில் பிதுக்கம் என்று இருப்பதே நோய் ஆகாது. உங்கள் வலி, பரிசோதனையில் தெரிவது, படத்தில் இருப்பது மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம். ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஆபரேஷன் வேணுமா?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கழுத்தெலும்பு ஒன்றைக் கையில் எடுத்து, செய்தால் என்ன செய்வோம் என்று காட்டினார். பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமாகத்தான் போவார்கள், மூச்சுக் குழாயையும் உணவுக் குழாயையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, கெட்டுப்போன ஜவ்வை முழுக்க எடுத்து, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ ஒரு சின்னக் கூண்டோ வைத்து, பிளேட் போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேரவிடுவது. 1950களில் இருந்தே செய்து வருகிற முறை. எலும்பு முழுசாகச் சேர மாதங்கள் ஆகும், புகை பிடிப்பவர்களுக்குச் சேராமலே போகிற வாய்ப்பு அதிகம், அதனால் சிகரெட்டை விடாமல் தேதி கொடுக்க மாட்டேன் என்று பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருவரிடம் கறாராகச் சொன்னதை நானே கேட்டேன். எலும்பைச் சேர்ப்பதற்குப் பதில் அசையக்கூடிய செயற்கை ஜவ்வு வைப்பதும் உண்டு, அமெரிக்காவில் 2007-ல் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. ஆனால் அது எல்லாருக்கும் ஒத்துவராது. பின்னால் உள்ள சின்ன மூட்டுகள் ரொம்பத் தேய்ந்திருந்தாலோ, எலும்பு பலவீனமாக இருந்தாலோ வைக்க மாட்டார்கள்.

கழுத்தைத் திருப்பவே முடியாமல் போய்விடுமா என்று கேட்டேன். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். தலையை இடம் வலமாகத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே முதல் இரண்டு எலும்புக்கு நடுவில் நடக்கிறது. கீழே ஒரு இடத்தைச் சேர்த்தால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டு மூன்று இடம் என்றால் தெரியும்.

அபாயங்களையும் மழுப்பாமல் சொன்னார். முதல் சில நாட்கள், சில வாரங்கள் விழுங்கக் கஷ்டமாக இருப்பது சகஜம். குரல் கம்மிப்போகலாம், பெரும்பாலும் சரியாகும், அரிதாகச் சிலருக்கு நிலைத்துவிடும். தொற்று, ரத்தக் கட்டு, எலும்பு சேராமல் போவது, நரம்புக்கோ தண்டுவடத்துக்கோ அடிபடுவது ஆகியவை குறைவுதான் என்றாலும் பூஜ்ஜியம் இல்லை. அப்புறம் ஒன்று, இதை முதல் டாக்டர் வாயே திறக்கவில்லை: ஒரு இடத்தை அசையாமல் சேர்த்துவிட்டால் அதற்கு மேலும் கீழும் உள்ள ஜவ்வுகளில் பின்னாளில் பிரச்சினை வரலாம். 1999-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் வருஷத்துக்கு சுமார் 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து இடத்தில் புதிதாகத் தொந்தரவு வந்தது, பத்து வருஷத்தில் நாலில் ஒருவருக்கு வரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது ஆபரேஷனால் வருகிறதா, வயசானால் எப்படியும் வரப்போகிற தேய்மானமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. எப்படியோ, வேலை செய்கிற வயசில் இருக்கும் ஒருவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் கிடைத்தது. நரம்பு அழுந்திக் கை வலி வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடுகிறது, பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவதும் உண்டு. 1997-ல் வந்த ஒரு ஆய்வில், மூன்று மாதத்துக்கு மேல் கை வலி இருந்த 81 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்கு பிசியோதெரபி, ஒன்றுக்குக் கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். முதல் சில மாதங்களில் பட்டை போட்டவர்களைவிட ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி குறைவு, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு அதன் அர்த்தம் பெரிது: சீக்கிரம் விடிவு வேண்டும் என்றால் ஆபரேஷனில் லாபம் இருக்கலாம், கொஞ்சம் பொறுக்க முடியும் என்றால் பொறுப்பதால் பெரிதாக நஷ்டம் இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, கை வலியால் தூக்கவே முடியவில்லை, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்கிற ஒருவர் வேறு முடிவு எடுத்தால் அது முழுக்க நியாயம்.

ஆனால் இந்தப் பொறுமை தண்டுவடம் அழுந்துபவர்களுக்குக் கிடையாது. என் மாமாவை அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனதே இதனால்தான். அவருக்குக் கழுத்து வலி என்று பெரிதாக ஒன்றுமே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட அத்தையைக் கூப்பிட ஆரம்பித்தார், கையெழுத்து கோணலாகப் போனது, படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டார். வயசாகிவிட்டது என்று எல்லாரும் விட்டுவிட்டோம். கிளினிக்கில் நடுவிரல் நகத்தைச் சுண்டியதும் கட்டைவிரல் துள்ளிக்கொண்டு மடங்கியது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னபோது விரல்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி மெதுவாகத்தான் விரிந்தன. என்னிடம் அத்தனை நிதானமாகப் பேசிய அதே டாக்டர் மாமாவிடம், "ஐயா, இதைத் தள்ளிப்போடாதீங்க. போனது எல்லாம் திரும்ப வரும்னு நான் சொல்லலை. இதுக்கு மேல போகாம நிறுத்தத்தான் ஆபரேஷன், கொஞ்சம் திரும்பக் கிடைச்சா நல்லது" என்றார். மிதமான பாதிப்பும் கடுமையான பாதிப்பும் இருந்தால் ஆபரேஷன்தான் என்று 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. லேசானது என்றால் மட்டும், கண்காணிப்போடு பயிற்சி செய்து பார்க்கலாம். மாமா செய்துகொண்டார். நடை தேறிவிட்டது, பொத்தான் இன்னும் சிரமம்தான், ஆனால் அதற்கு மேல் மோசமாகவில்லை. ஒருவருக்கு "பொறுங்கள்", ஒருவருக்கு "பொறுக்காதீர்கள்" என்று சொல்லத் தெரிந்த இடம் என்பதால்தான் எனக்கு இந்த கிளினிக் மேல் நம்பிக்கை வந்தது. எல்லாருக்கும் ஆபரேஷன் என்கிற இடத்தையும் நம்ப வேண்டாம், ஆபரேஷனே கூடாது, நாங்களே நெட்டி முறித்துச் சரி செய்கிறோம் என்கிற இடத்தையும் நம்ப வேண்டாம். தண்டுவடம் அழுந்தியிருக்கும் ஒருவர் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் நடக்கவே முடியாமல் போகலாம்.

எனக்குப் பிசியோதெரபிதான் சொன்னார்கள், அதே கிளினிக்கிலேயே. முதலில் வெந்நீர் ஒத்தடமும் கரண்ட் வைப்பதும்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெரும்பாலும் பயிற்சிதான். மல்லாந்து படுத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் தாடையை மட்டும் லேசாக உள்ளே இழுத்துப் பிடிப்பது, பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், சரியாகச் செய்தால் தொண்டைக்குப் பின்னால் உள்ள தசை நடுங்கும். தோள்பட்டை எலும்பைப் பின்னால் சேர்த்து இழுப்பது, ரப்பர் பட்டையில் இழுவை. நாள் முழுக்கக் கழுத்துப் பட்டை போட வேண்டாம் என்றார்கள், நீண்ட நாள் போட்டால் தசை பலவீனமாகிவிடும். மேசையில் சாய்வுப் பலகை வைத்துத் தாளைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தது பயிற்சிக்குச் சமமாக எனக்கு உதவியது, மனிதத் தலை நாலரை ஐந்து கிலோ எடை, அதைக் குனிந்தபடி தாங்குகிற வேலை முழுக்கப் பின்கழுத்துத் தசைக்குத்தான். முதல் சில வாரம் ஒரு பலனும் தெரியவில்லை, எரிச்சலாகவே வந்தது. பிறகு மெல்ல மெல்லக் கை வலி தோளுக்கு மேலேயே நின்றுவிட்டது. கழுத்து வலி இன்னும் இருக்கிறது, ஆனால் படிவத்தின் மார்க் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஸ்டீராய்டு ஊசி பற்றியும் பேசினோம். கை வலிக்குச் சில வாரம் நிம்மதி தரலாம், ஆனால் கழுத்தில் போடும்போது அரிதாக மோசமான விளைவுகள் உண்டு, அனுபவம் உள்ளவர் படம் பார்த்தபடி போட வேண்டும் என்றார். எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. காத்திருக்க வைப்பது கொடுமை. கழுத்து வலிக்காரர்களை முதுகு சாயாத பிளாஸ்டிக் நாற்காலியில் அரை நாள் உட்கார வைக்கிறார்கள், இதை அங்கேயே எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் மாறவில்லை. பிசியோவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் வருவார், போன வாரம் எங்கே நிறுத்தினோம் என்று நாமேதான் சொல்ல வேண்டும். எழுத்தில் கருத்து கேட்டதற்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது, தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெரிய கஷ்டம். நீங்கள் போனால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் மட்டும் இல்லாமல் படங்கள் உள்ள சிடியையும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயத்தில் நமக்குப் பாதி காதில் ஏறாது, அவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை என்பது என் முடிவு. எப்போது மாற்றுவேன் என்பதையும் டாக்டரோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருக்கிறேன்: கையில் பலம் குறைய ஆரம்பித்தால், கை வலி மறுபடி இறங்கி மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால், அப்போதும் ஒரே ஒரு இடத்துக்குத்தான், இரண்டுக்கு இல்லை. நடை தடுமாறினாலோ, பொத்தான் போடத் தடுமாறினாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ மாதக்கணக்கு எல்லாம் கிடையாது, அன்றைக்கே போக வேண்டும். இப்படி எழுதித் தந்ததுதான் எனக்கு அங்கே கிடைத்ததிலேயே பெரிய விஷயம், முதல் டாக்டர் ஏற்றிவிட்ட பயம் அன்றுதான் இறங்கியது.

அவசரத்துக்கு ஒரு போன் நம்பரும் தந்திருந்தார்கள். ஒருநாள் ராத்திரி கை முழுக்க மரத்துப்போய் எழுந்தேன், அழைத்தேன், உடனே எடுத்தார்கள். பேசிய நர்ஸ் பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார்: எழுந்து நடந்து பாருங்கம்மா, கால் தடுமாறுதா? ஒரு டம்ளரைப் பிடிக்க முடியுதா? பாத்ரூம் போனீங்களா? எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றதும், தலையணையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு படுங்கள், காலையில் வாருங்கள் என்றார். காலையில் போனேன், மறுபடியும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், பலம் எல்லாம் சரியாக இருந்தது, கையை மடக்கி அதன் மேலேயே படுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பீஸ் வாங்கவில்லை.